புளிப்பா இருக்கு

என் போனில் ஒரு செயலி இருக்கிறது. குடிக்கிற ஒவ்வொரு பியரையும் அதில் பதியலாம். பெயர், எங்கே குடித்தது, 5க்கு எத்தனை நட்சத்திரம், இரண்டு வரி கருத்து. ஒன்பது வருடத்தில் 412 பதிவுகள் போட்டிருக்கிறேன். பெங்களூரு, புனே, கோவா, புதுச்சேரி, ஆபீஸ் செலவில் போன மியூனிக் என்று எல்லா ஊரும் அதில் உண்டு. பழைய பதிவுகளைப் புரட்டினால் நானே எழுதியதுதானா என்று சந்தேகம் வரும். 'ஆரம்பத்தில் ஆரஞ்சுத் தோல், நடுவில் பிஸ்கட், முடிவில் உலர்ந்த கசப்பு.' இப்படி 412.

போன ஜூன் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். மேலகரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், சீசனில் அருவிக்குப் போகிற கார்கள் நிற்காமல் தாண்டிப் போகிற ஊர். செங்கோட்டைக்காரன் ஒருத்தன், பள்ளிக்கூடத்து நண்பன், பைக்கில் வந்து கூட்டிக்கொண்டு போனான். புளியரை, கோட்டைவாசல், அப்புறம் ஆரியங்காவு. வீட்டிலிருந்து 25 கிலோமீட்டர் இருக்கும். ரோட்டோரத்தில் கள்ளு ஷாப்பு. தென்னங்கள், கூடவே கப்பையும் மீன்கறியும். மழைத்தூறல் ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் ஒரு வாய் குடித்தேன். நண்பன் கேட்டான், "எப்படில இருக்கு? நீதான் பெரிய நிபுணராச்சே."

"புளிப்பா இருக்கு" என்றேன்.

யோசித்து இன்னொன்றும் சேர்த்தேன். "லேசா இனிப்பும் இருக்கு."

அவ்வளவுதான் வந்தது. 412 பதிவு எழுதின நாக்குக்கு, வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இறக்கிய ஒரு பானத்தைப் பற்றிச் சொல்ல இரண்டே சொற்கள். ஊற்றிக்கொடுத்த சேட்டன் சிரிக்காமல் சொன்னார்: "ராவிலே எடுத்தது. மதுரம் போயிட்டிருக்கு. இன்னும் ஒரு மணிக்கூர் கழிஞ்சு குடிச்சா இது வேற கள்ளு." நேரத்தைச் சொன்னார், என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதைச் சொன்னார், அடுத்து என்ன ஆகும் என்பதையும் சொன்னார். ஒரு நல்ல விமர்சகன் செய்கிற வேலை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து எழுதுவது.

முதலில் என் 412 பதிவுகளின் மொழி எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெங்களூருவில் பியரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் கடைகள் பெருகிக்கொண்டிருந்தன. இந்திரா நகரில் டாய்ட் 2010இல் வந்தது, அதற்கு முந்தின வருடம் புனேயில் டூலாலி. கிங்ஃபிஷர் மட்டுமே தெரிந்த எங்களுக்கு அது ஒரு திறப்பு. மரப்பலகையில் குழி போட்டு அஞ்சாறு சின்ன கிளாஸ்கள் வரும். வெளிறின மஞ்சள், செம்பு நிறம், காப்பிக் கறுப்பு. இடமிருந்து வலமாகக் குடித்து ஒப்பிட வேண்டும். கூடவே ஒரு மெனு அட்டை. சாதாரண ஹோட்டல் மெனு மாதிரி இல்லை அது. ஒவ்வொரு பியருக்கும் ஒரு பத்தி, புகழ்ச்சி. எங்கள் கோதுமை, எங்கள் மாம்பழம், எங்கள் மலைக் காப்பிக்கொட்டை.

அந்த அட்டைகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் குற்றாலக் குறவஞ்சி ஞாபகம் வரும். அதை எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்துக்காரர். நாயக்கர் காலத்தில் அதற்காக அவருக்குக் கிடைத்த மானிய நிலத்துக்கு இன்றும் குறவஞ்சி மேடு என்றுதான் பெயர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் அது பாடம் மட்டுமில்லை, கொஞ்சம் திமிரும்கூட. வசந்தவல்லி கேட்கிறாள், சிங்கி தன் மலையின் வளத்தை அடுக்குகிறாள். குரங்கு, தேன், அருவி, மூலிகை, எல்லாமே மிகை. வானம்வரை தேன் தெறிக்கிறது. அதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஒரு நிலத்தின் பொருளைப் புகழ்வதற்கு அந்த மிகை தேவைப்படுகிறது. கிராஃப்ட் பியர் அட்டையும் ஒரு மலைவளப் பாட்டுதான்.

ஆனால் சிங்கி புகழ்கிற தேன் அந்த மலையில் இருக்கிறது. பியர் அட்டையில் புகழப்படுகிறவை எங்கே இருக்கின்றன? பியர் என்பது நாலு பொருள்: தண்ணீர், முளைகட்டிய தானியம், ஹாப்ஸ் பூ, ஈஸ்ட். பெங்களூரு பியரில் ஹாப்ஸ் பெரும்பாலும் அமெரிக்காவோ ஜெர்மனியோ. தனி ருசி தரும் மால்ட் பல இறக்குமதி. ஈஸ்ட் பாக்கெட்டில் வருகிறது. மிச்சம் இருப்பது தண்ணீரும், சீசனில் போடுகிற மாம்பழமும். இதில் தப்பொன்றும் இல்லை, எனக்கு அந்த பியர்கள் பிடிக்கும். டாய்ட்டில் பாஸ்மதி அரிசி சேர்த்த ஒரு பியர் உண்டு, இன்னும் போனால் அதைத்தான் முதலில் கேட்பேன். ஆனால் 'ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர் பியரை ஒப்பிடுகிறேன்' என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தது பாதிப் பொய். ஒப்பிட்டது ஊர்களை அல்ல, செய்முறைகளை. இதன் உச்சம் இந்தியா பேல் ஏல். பெயரில் இந்தியா இருக்கிறது. லண்டனில் காய்ச்சி, இங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்காகக் கப்பலில் ஏற்றின பியர். இந்தியா அதற்கு டெலிவரி அட்ரஸ் மட்டும்தான்.

மொழியும் அப்படியே இறக்குமதி. ஜெர்மன் கோதுமை பியரில் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் வரும் என்று எல்லாரும் எழுதுவார்கள். நானும் ஒரு முப்பது தடவை எழுதியிருக்கிறேன். வாசனை நிஜம்தான், ஈஸ்ட் உண்டாக்குவது. ஆனால் தென்காசிக்காரனுக்கு வாழைப்பழம் என்பது ஒரு வாசனையா? மட்டி வேறே, ஏத்தன் வேறே, கோழிக்கூடு வேறே, செவ்வாழை வேறே. மட்டியையும் ஏத்தனையும் கண்ணை மூடிக்கொண்டு மோந்து சொல்கிற ஆள், பியர் கிளாஸ் முன்னால் உட்கார்ந்ததும் 'வாழைப்பழம்' என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்திக்கொண்டேன். ஏன்? சக்கரத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. சக்கரம் என்றால் சுவைச் சக்கரம். 1970களில் டென்மார்க்கின் மார்ட்டன் மெயில்கார்ட் பியர் ருசிகளை வகைப்படுத்தி உருவாக்கினது. ஆலைக்கு ஆலை ஒரே சொல்லால் பேசிக்கொள்ள அது உதவுகிறது. தரக் கட்டுப்பாட்டுக்கு அருமையான கருவி. அனுபவத்தை எழுதுவதற்கு அதுவே போதும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு டிராப்-டவுன் இருந்தால் போதும், தேர்ந்தெடுத்துவிடுவோம்.

சக்கரத்தை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. பெயர் வைப்பதால் ஒரு பானம் பிழைத்த கதையும் இருக்கிறது. மைக்கேல் ஜாக்சன் என்று ஓர் ஆங்கிலேயப் பத்திரிகையாளர் இருந்தார், பாடகர் இல்லை. 1977இல் உலக பியர்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். ஊர் ஊராகப் போய்க் குடித்து, இது இன்ன வகை, இந்த ஊருக்கு உரியது என்று பிரித்து எழுதினார். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்று ஒன்று உண்டு. அதற்கு ஈஸ்ட் சேர்ப்பதில்லை. கொதித்த சாற்றை ராத்திரி திறந்த தொட்டியில் ஆறவிட்டால் காற்றில் இருக்கிற காட்டு ஈஸ்ட்டே இறங்கிப் புளிக்க வைக்கும். புளிப்பான பியர், பழைய ஆட்கள் குடிப்பது என்று ஒதுங்கிக்கொண்டிருந்தது. ஜாக்சன் மாதிரி ஆட்கள் அதை எழுதி எழுதி உலகத்துக்குக் காட்டினார்கள். 2016இல் பெல்ஜிய பியர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இன்றைக்கு ஒரு லாம்பிக் பாட்டிலுக்கு நான் கொடுத்த காசை ஆச்சியிடம் சொன்னால் அரிவாளைத் தூக்குவாள்.

கள்ளும் அதே வேலைதான். பாளையைச் சீவினால் வடிகிற சாறு, பானையிலும் காற்றிலும் இருக்கிற ஈஸ்ட், பாக்டீரியா. யாரும் எதுவும் சேர்க்க வேண்டாம். மரத்தில் தொங்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் கள், ஒரு நாள் போனால் காடியை நோக்கி நடக்கும். சாதாரணமாகப் பியர் அளவுதான் போதை. லாம்பிக்காவது பாட்டிலில் வருடக்கணக்காக இருக்கும், கப்பலேறும். கள் பக்கத்து மாவட்டத்துக்குப் போவதற்குள் வேறொன்றாகிவிடும். 'ஊர் பானம்' என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் குடித்ததில்லை. அதற்குத்தான் 'புளிப்பா இருக்கு' என்று சொன்னேன்.

தமிழில் சொல் இல்லாமலா? சங்கப் பாட்டுகளைத் திறந்தால் கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி, அரியல், பிழி என்று போகிறது. இவற்றை நாம் 'மது என்பதற்கு வேறு பெயர்கள்' என்று பரீட்சைக்குப் படித்தோம். அப்படியில்லை. தேறல் என்பது தெளிந்தது, வடித்தெடுத்தது. தோப்பி வீட்டில் அரிசியில் காய்ச்சுவது. பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் வீட்டைச் சொல்லும் இடத்தில், ஒரு செய்முறையே இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாய்ப் பாத்திரத்தில் கொட்டி ஆறவைத்து, முளைநெல்லை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். இதை முதல் தடவை வாசித்தபோது நான் பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முளைநெல் எதற்கு? தானியம் முளைவிடும்போது உண்டாகிற நொதிதான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும், அந்தச் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் தின்னும். மால்ட் என்பது இதுதான். அதாவது இது கள் இல்லை, சந்தேகமில்லாமல் பியர். அந்த முளைமாவு பார்க்க எப்படி இருக்கிறது என்றால், பாம்பு குடியிருக்கும் புற்றுக்குள் இருக்கிற புற்றாஞ்சோறு மாதிரி என்கிறார் புலவர். அந்த உவமையைக் காய்ச்சுகிற இடத்தில் நின்று பார்த்தவர்தான் சொல்ல முடியும். என் 412 பதிவில் இந்தத் தரத்தில் ஒன்று கிடையாது.

மலைப்பக்கம் வந்தால் மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேன் தேறல். மலைபடுகடாத்தில் வருகிறது. ஓக் பீப்பாயில் ஒரு வருடம் வைத்த ஸ்டவுட்டுக்கு நாங்கள் இரட்டை விலை கொடுத்தோமே, அதே யோசனை. வெளிநாட்டுச் சரக்கும் உண்டு. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் நன்மாறன் குடிப்பதை நக்கீரர் பாடுகிறார். ஆக, ஒப்பிட அவர்களுக்குப் பொருள் இருந்தது. ருசியை எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். பழங்களின் பட்டியல் இல்லை. நாள்பட்ட தேறலை ஒளவையார் புறநானூற்றில் தேள் கொட்டுகிற கடுப்போடு ஒப்பிடுகிறார். சிறுபாணாற்றுப்படையில் இன்னொரு தேறல் சீறுகிற பாம்பு. நாக்கில் என்ன தெரிந்தது என்பதைவிட உடம்புக்குள் என்ன நடந்தது என்பதுதான் அவர்களுடைய குறிப்பு. ஆரியங்காவுச் சேட்டனும் அப்படித்தான், ருசியைப் பெயர்ச்சொல்லாகச் சொல்லவில்லை, வினையாகச் சொன்னார். மதுரம் போய்க்கொண்டிருக்கிறது. மலையாளத்தில் மதுரக்கள், அந்திக்கள், மூத்த கள் என்று இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தவறணை இருக்கிறது, குடிக்கப் பனையோலையில் மடித்த பிளா இருக்கிறது. நமக்கு? 'சரக்கு', 'கட்டிங்', 'மட்டை'. மூன்றும் அளவையும் விளைவையும் சொல்கின்றன. ருசியைச் சொல்ல ஒன்றுகூட இல்லை.

இதற்கு ஒரு தேதி உண்டு. 1987 ஜனவரி 1. அன்றிலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கக் கூடாது. அதற்கு முன்னும் கதவு திறந்து திறந்து மூடியிருக்கிறது. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி கடைகள், 1987இல் கள்ளுக்கு முற்றுப்புள்ளி. ஆனால் குடி நிற்கவில்லை. 1983இல் தொடங்கிய டாஸ்மாக் 2003இல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. பாட்டிலில் அடைத்தது, எல்லா ஊரிலும் ஒரே ருசியாக இருப்பது, வருடம் முழுக்கக் கெடாதது சட்டப்படி சரி. மரத்துக்கு மரம், வேளைக்கு வேளை ருசி மாறுவது குற்றம். நான் பிறந்தது தடைக்குப் பிறகு. என் தலைமுறைக்குக் கள் பற்றி அபிப்பிராயம் உண்டு, நாக்கு கிடையாது. வெறும் சுண்ணாம்புதான் வித்தியாசம் என்பது இதில் பெரிய வேடிக்கை. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது. அது பதநீர், ரோட்டில் வைத்து விற்கலாம், கருப்பட்டி காய்ச்சலாம். தடவாவிட்டால் கேஸ். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. எல்லைக்கோடு கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் என் நண்பன் சட்டப்படி கள் குடித்து வளர்ந்திருப்பான்.

இங்கே ஆச்சியைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் நேர்மையானவன் இல்லை. ஆச்சியின் இரண்டாவது மகன், என் சித்தப்பா, 41 வயதில் ஈரல் கெட்டுச் செத்தார். அவர் குடித்தது கள் இல்லை, கலர் சரக்கு. 'பார்த்தீர்களா, கள்ளை அனுமதித்திருந்தால்' என்று இந்த இடத்தில் எழுதிவிடலாம், பலபேர் எழுதுகிறார்கள். எனக்கு அது மலிவான வாதமாகப் படுகிறது. சித்தப்பா கள் கிடைத்திருந்தால் கள்ளையும் குடித்து இதையும் குடித்திருப்பார். வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தது, பெரியார் தன் தோப்பில் நூற்றுக்கணக்கான தென்னையை வெட்டிச் சாய்த்தது, எதுவும் தெரியாமல் செய்ததில்லை. கேரளத்துக் கள் எல்லாம் சுத்தம் என்றும் சொல்ல வரவில்லை, கலப்படம் அங்கே பழைய தலைவலி. நான் வாசித்த அளவில் நம் நாவல்களிலும் குடி வரும்போது கூடவே அடியும் அழுகையும் வரும், ருசி வராது. அந்த வீட்டில் வளர்ந்தவன் என்ற முறையில் அது ஏன் என்று எனக்குப் புரிகிறது. நான் பெங்களூரு பியரைப் பற்றிப் பேசியபோது ஆச்சி ஒரு தடவை கேட்டாள், "குடிச்சுக் கெட்ட வீட்ல உக்காந்துக்கிட்டு ருசி பேசுதியாக்கும்?" பதில் சொல்லவில்லை. இப்போதும் பதில் இல்லை. ஆனாலும் ருசி பேசத் தெரியாததால் குடி குறைந்த மாதிரியும் தெரியவில்லை. எதைக் குடிக்கிறோம் என்று கவனிக்காமல் குடிக்கத்தான் வழக்கமாகியிருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் இறக்குகிறவனிடம் போய் 'முடிவில் உலர்ந்த கசப்பு' என்றா கேட்பது.

ஆரியங்காவிலிருந்து வந்த மறுநாள் பாவூர்சத்திரம் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். ரோட்டோரம் சைக்கிளில் பானை கட்டி ஒரு பெரியவர் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். சீசனின் கடைசி நாட்கள். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். முந்தின நாள் வெட்கம் மிச்சமிருந்ததால் கேட்டேன்.

"அண்ணாச்சி, எல்லா மரத்துப் பதனியும் ஒரே ருசியா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்க வீட்ல எல்லாரும் ஒரே கொரலா தம்பி?"

அப்புறம் ஒரு அரைமணி நேரம். அலகுப்பனை என்றால் ஆண், பருவப்பனை என்றால் பெண், இரண்டின் பதநீரும் ஒன்றில்லை. காலையில் இறக்கினது ஒரு மாதிரி, அந்தியில் இறக்கினது ஒரு மாதிரி. மழை விழுந்தால் தண்ணியாகிவிடும். செம்மண் மரத்துக்கும் ஓடைக்கரை மரத்துக்கும் அவருக்குத் தனித்தனி அபிப்பிராயம். ஏறுகிற மரங்களில் ஒன்றைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது, "அது கொஞ்சமாத்தான் தரும், ஆனா அது தாரது ஒண்ணுதான் நான் குடிக்கது." பைக்கில் ஊர் ஊராகப் பனையைத் தேடிப்போய்ப் பனைமரச் சாலை எழுதிய காட்சன் சாமுவேல் மாதிரி ஆட்கள் இவர்களை ஏன் தேடிப் போனார்கள் என்று அப்போது விளங்கியது. போனை எடுத்துக் குறித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கேட்டுவிட்டேன், சுண்ணாம்பு போடாமல் இறக்கினால் இந்த மரங்கள் எப்படி இருக்கும்?

பட்டையை வாங்கிக் கீழே போட்டார். "அதப் பேசப்பிடாது" என்றார். பிறகு, சைக்கிளைத் தள்ளத் தொடங்கின பிறகு, திரும்பாமலே, "எங்கய்யா சொல்லுவாரு" என்றார். என்ன சொல்லுவார் என்று சொல்லவில்லை.

ஒரு லிட்டர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆச்சிக்குப் பதநீர் என்றால் உயிர். டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். முதலில் மோந்து பார்த்தாள். பிறகு ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல், கன்னத்துக்குள் வைத்திருந்தாள். மியூனிக்கில் ஒரு பயிற்சி வகுப்பில் இப்படிச் செய்யச் சொல்லிக் கொடுக்க எங்களிடம் காசு வாங்கினார்கள்.

"காலம்பறதுதான்" என்றாள். "சுண்ணாம்பு ஒரு பொடி கூடிப்போச்சு. மழத்தண்ணி வேற எறங்கிருக்கு. மரம் நல்ல மரம்."

மிச்சத்தைக் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள்.